குடும்பமே, வருக

கொம்பைமட்டம் கிளை நூலகம் குடும்பங்களை வரவேற்பது என்று முடிவுசெய்த நாளிலிருந்து அதற்குள் குடும்பத்தோடு நுழைவது சிரமமாகிவிட்டது. அதற்கு முன்பு அப்படி இல்லை. வரவேற்பு எதுவும் கிடையாது என்பதால் யார் வேண்டுமானாலும் வந்து போனார்கள். எஸ்டேட்டில் லீவு போட்ட பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து மழை விடும்வரை உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் படம் பார்க்கும். பெண்கள் தூங்குவார்கள். நூலகர் வேலாமணி அம்மா ஸ்வெட்டர் பின்னுவார். யாரும் யாரையும் வரவேற்கவில்லை. யாருக்கும் குறையும் இல்லை.

தினகரனுக்கு அந்த நூலகத்தில் ஆகவேண்டிய காரியம் ஒன்றுதான். ஒரு கரடிக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும்.

அவன் டீ ஃபேக்டரியில் உதவி டீ மேக்கர். வேதியியல் பட்டதாரி. மனைவி சரிதா மாசி மாதம் காய்ச்சல் என்று திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். வியாழக்கிழமை ஆம்புலன்ஸில் வந்தாள். அதற்கு முந்தின வாரம், நூலகத்திலிருந்து எடுத்துவந்த ‘குடை வாங்கப் போன கரடி’ என்ற புத்தகத்தை மகள் கனிஷ்காவுக்குப் பாதிவரை படித்துக் காட்டியிருந்தாள். கரடி மலையிறங்கி பஜாருக்கு வருகிறது. மழை கொட்டுகிறது. குடைக்கடை பூட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்து மூடினாள். காரியமெல்லாம் முடிந்து வீட்டை ஒழுங்குபடுத்திய உறவுக்காரர்களில் யாரோ ஒருவர், நல்லெண்ணத்தில், அந்தப் புத்தகத்தை நூலகத்தில் சேர்த்துவிட்டார்.

கனிஷ்காவுக்கு ஆறு வயது. தினமும் காலையில் தினகரன் சடை பின்னிவிடும்போது கேட்பாள்.

“கடை தொறந்துச்சாப்பா?”

அவன் முடிவுகள் சொல்லிப் பார்த்தான். கரடி பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டது என்றான். “பக்கத்துல கடையே கெடயாது. படத்துல ஒரு கடைதான் இருக்குது.” மழை விட்டுவிட்டது என்றான். “விடல.” அவள் கேட்கத் தொடங்கிய பதினோராம் நாள், ஃபேக்டரியில் ட்ரையர் பழுதாகி, ஷிஃப்ட் முடிந்து கண்ணெரிச்சலோடு வந்த காலையில், கரடி கடைக்காரனைத் தின்றுவிட்டது என்றான். கனிஷ்கா அவன் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கினாள்.

“நீங்க பொய் சொல்றீங்க. புக்குல இருக்கறதச் சொல்லுங்க.”

அன்று அவள் ஒற்றைச் சடையோடு பள்ளிக்கூடம் போனாள். அந்தச் சனிக்கிழமை தினகரன் அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போனான்.

குழந்தைகள் புத்தகங்கள் கண்ணாடி பீரோவில் இருந்தன. கொம்பைமட்டத்தில் மழை பிடித்துவிட்டால் பூஞ்சை பூக்காத பொருள் கிடையாது. செருப்பு, பெல்ட், ஜாதகம் எல்லாம் வெள்ளையாகும். அதனால் எல்லா வீட்டு பீரோவுக்குள்ளும் ஒரு குண்டு பல்பு எரியும். நூலக பீரோவிலும் எரிந்தது. வாசிப்பறையின் டியூப்லைட் போன வருஷமே போய்விட்டிருந்தது. ஆக, அந்த நூலகத்தில் புத்தகங்கள் வெளிச்சத்தில் இருந்தன. வாசகர்கள் இருட்டில் இருந்தார்கள்.

கனிஷ்கா கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள். இரண்டாம் தட்டில் கரடி நின்றது.

“அப்பா, டிக்கெட் அப்படியே இருக்குது.”

டிக்கெட்டின் நுனி புத்தகத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. தினகரன் பீரோவின் பூட்டைப் பார்த்தான். பூட்டின் மேல் அரக்கு சீல் இருந்தது.

“தொறக்கக் கூடாதுங்களே,” என்றார் வேலாமணி. “சீல் வெச்சிருக்குது.”

“எதுக்குங்க?”

“குடும்பங்களுக்காகத்தானுங்க.”

மேசைக்கடியிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். குடும்ப வரவேற்பு நூலகத் திட்டம். மாவட்டத்தில் முதல் நூலகமாகக் கொம்பைமட்டம் தேர்வாகியிருக்கிறது. குழந்தைகள் புத்தகங்கள் திறப்பு விழாவரை புதுக்கருக்கு கலையாமல் பாதுகாக்கப்பட வேண்டும். விழாவுக்குப் பிறகு அவை குடும்ப உறுப்பினர்களுக்கு மட்டுமே வழங்கப்படும். குடும்பம் என்பது படிவம் நான்கில் கண்டவாறு தலைவர், தலைவி, குழந்தை ஆகிய மூவருக்குக் குறையாதது. மூவரும் நேரில் கையொப்பமிட வேண்டும். குழந்தைக்குக் கைநாட்டு அனுமதிக்கப்படும்.

தினகரன் படிவத்தை இரண்டு முறை படித்தான்.

“தலைவி இல்லீங்களே.”

“ஐயோ, எனக்குத் தெரியாதுங்களா? பதினாறாம் நாளுக்குக்கூட வந்திருந்தேனுங்களே.” வேலாமணியின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினார். “ஆனா பாருங்க, சிஸ்டத்துல சரிதா உயிரோடதான் இருக்கறாங்க. மொதல்ல அவங்க கார்டை முடிச்சாத்தான் உங்களுக்குப் புதுசு போடமுடியும். முடிக்கறதுக்குக் காரணம் கேக்குது.”

“இறந்துட்டாங்கன்னு போடுங்க.”

“அது இல்லீங்க. மூணே மூணு காரணந்தான் குடுத்திருக்கறாங்க. ஊர் மாற்றம், திருமணம், ஆர்வமின்மை.” தயங்கினார். “ஊர் மாற்றம்னு போட்டுக்கலாமுங்களா?”

தினகரன் பீரோப் பக்கம் திரும்பினான். வேலாமணி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அமுக்கினார். சரிதாவின் போனுக்கு ஓர் எண் போகும், அதைக் கொண்டுவந்து சொன்னால் போதும் என்றார்.

போன் வீட்டில், மேசை இழுப்பறையில், மாசி மாதத்திலிருந்து அணைந்து கிடந்தது. தினகரன் சார்ஜ் போட்டு, சிம்முக்கு ரீசார்ஜும் செய்தான். ஒளிர்ந்ததும் நூலகத்தின் செய்திதான் முதலில் நின்றது. ‘அன்புள்ள சரிதா, தாங்கள் எங்களை விட்டுப் பிரிய விரும்புவதாக அறிந்தோம். உறுதிசெய்ய: 4471.’

திங்கட்கிழமை அவன் நூலகத்துக்குப் போனான்.

“நம்பர் வந்துச்சுங்களா?”

“வரலீங்க,” என்றான் தினகரன்.

அடுத்த வாரம் ஸ்டெபின் வந்து சேர்ந்தான். திட்ட ஆலோசகன். கோயம்புத்தூர்க்காரன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். நூலகத்தின் வரவேற்புத் தன்மையை நாற்பத்திரண்டு குறியீடுகளால் அளப்பது அவன் வேலை. அப்போதைக்குக் கொம்பைமட்டத்தின் வரவேற்புத் தன்மை நூற்றுக்கு ஒன்பது என்றும், திறப்பு விழாவுக்குள் தொண்ணூறு ஆக்கிவிடலாம் என்றும் சொன்னான்.

முதலில் கூட்டிப் பெருக்கும் இசக்கியம்மா வரவேற்பாளராக உயர்த்தப்பட்டாள். வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் “வாருங்கள், வாசிப்போம், மகிழ்வோம்” என்று சொல்ல வேண்டும். பெருக்கும் வேலையும் அவளுக்கே தொடர்ந்தது. தபால்காரரிடமும், கேஸ் கொண்டுவந்தவனிடமும், தன்னைக் கூட்டிப்போக வந்த மருமகளிடமும் அவள் அதையே சொன்னாள். மருமகள் மாமியாருக்குச் சாமி வந்துவிட்டதாக நினைத்து விபூதி தேடினாள்.

விளையாட்டுப் பகுதியில் மெத்தை விரித்தார்கள். ஈரம் படக்கூடாது என்பதால் மெத்தைக்கு பிளாஸ்டிக் உறை. ஆடும் குதிரைக்கும் உறை. சுவரில் ‘சத்தமாகச் சிரித்து விளையாடு’ என்று ஒரு பலகை. பக்கத்திலேயே ‘அமைதி காக்கவும்’ என்ற பழைய பலகை. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு என்பதால் இரண்டும் இருக்கட்டும் என்றான் ஸ்டெபின்.

பிறகு முள்வேலி. அது வரவேற்புத் தன்மைக்கு நேர்விரோதம் என்று பிடுங்கி எறியப்பட்டது. வேலி இருந்த இடத்திலிருந்து படிவரை, கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்த புல்தரை பாய்போல விரிக்கப்பட்டது. குடும்பங்கள் உட்கார்ந்து கூட்டமாகப் படிப்பதற்கு. எதிர்வரிசையில் குடை ரிப்பேர் கடை வைத்திருக்கும் அயூப் பாய் சாலையைக் கடந்து வந்து பார்த்தார். குனிந்து புல்லைத் தொட்டார்.

“தம்பி, வெளியூருங்களா?”

“ஆமாங்க.”

“அதான் பார்த்தேன். தேயிலையை அதுங்க தொடாது. இந்த மாதிரி இளம்புல்லுக்கு எங்கிருந்தாலும் வரும். காட்டுமாட்டுக்கு இலை போட்டு வெச்ச மாதிரி இருக்கு, தம்பி.”

ஸ்டெபின் டேப்லெட்டில் குறித்துக்கொண்டான். உள்ளூர் மக்கள் கருத்து: விருந்து போன்ற சூழல்.

கடைசியாக வந்தது கேட் மெஷின். வேலி போன பிறகும் மிஞ்சியிருந்த கேட்டின் இரண்டு தூண்களிலும் இரண்டு கண்ணாடிக் கண்கள். நடுவே யார் நுழைந்தாலும் உயரத்தை அளந்து, பெரியவர் எத்தனை, சிறியவர் எத்தனை என்று கணக்கிட்டு, அதற்கேற்ப இனிமையான பெண்குரலில் வரவேற்கும். குடும்பங்களின் எண்ணிக்கையை நேராகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும்.

மெஷின் வழியாக முதலில் நுழைந்தவர்கள் தினகரனும் கனிஷ்காவும். அவர்கள் எல்லாச் சனிக்கிழமையும் வந்துகொண்டிருந்தார்கள். வந்து, பீரோவுக்கு முன்னால் நின்று, கரடியைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

“வணக்கம்,” என்றது மெஷின். “தனிநபர் இருவர். உள்ளே வரலாம்.”

கனிஷ்கா நின்றாள். “நாம குடும்பமில்லையாப்பா?”

“மெஷின் புதுசு,” என்றான் தினகரன்.

அவள் பின்னால் போய் மறுபடி நுழைந்தாள். தனிநபர் ஒருவர் என்றது. கொஞ்சநேரம் தூணை முறைத்துப் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து ஓடி, குடைக்கம்பியும் கையுமாக இருந்த அயூப் பாயை இழுத்து வந்தாள். மூவரும் கைகோத்து நுழைந்தார்கள்.

“வணக்கம். குடும்பமே, வருக!”

“யா அல்லா,” என்றார் அயூப். “எங்க ஊட்டுல தெரிஞ்சா என்னைய உள்ளே விடமாட்டாங்க.”

மெஷினுக்குத் திருப்தி. படிவத்துக்கு இல்லை. தலைவி என்ற கட்டத்தில் அயூப் கையெழுத்துப் போட முடியாது என்று வேலாமணி வருத்தத்தோடு சொன்னார்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஸ்டெபினுக்கு ஒரு சிக்கல் வந்தது. சென்னையிலிருந்து இணை இயக்குநர் வருகிறார். அவர் முன்னால் ஒரு மாதிரிக் குடும்பம் சோபாவில் அமர்ந்து வாசிக்க வேண்டும். இருபத்தெட்டாவது குறியீடு. ஊரில் குடும்பங்கள் இருந்தன. ஆனால் சீசன் நேரம், சனிக்கிழமையும் கொழுந்து பறிப்பு. ஒரு குடும்பத்துக்கும் லீவு கிடைக்கவில்லை.

வேலாமணி தினகரனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏனுங்க, அன்னைக்கு பீரோவைத் தொறந்துதான் ஆகணும். நீங்களும் பாப்பாவும் அரைமணிநேரம் உக்காந்தீங்கன்னா, விழா முடிஞ்சதும் கரடி புக்கை எடுத்துக் கையில குடுத்தர்றேன். நானே பொறுப்பு.”

“நாங்க ரெண்டு பேருதானே.”

“தலைவிக்கு ஏற்பாடு பண்ணியாச்சு சார்,” என்றான் ஸ்டெபின்.

தலைவி வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“நானா?” இசக்கியம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். “ஏன்டா தம்பி, எனக்கு அம்பத்தேழு வயசு. என் மூத்த மவனுக்கு இவரு வயசு. மேலே போன எங்க வீட்டுக்காரரு திரும்பி வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவே?”

“பாட்டி, இது சும்மா போட்டோவுக்கு.”

“பாட்டியா? இப்பத்தான் பொண்டாட்டின்னே. ஒண்ணுல நில்லு.”

வேலாமணியின் பட்டுச்சேலையைத் தருவதாகவும், அன்று ஒருநாள் பெருக்க வேண்டாம் என்றும் சொன்ன பிறகு சம்மதித்தாள். தினகரனும் சரி என்றான். கரடிக்காக அவன் அதற்கு மேலும் செய்திருப்பான்.

ஒத்திகை நடந்தது. பீரோ திறக்கக் கூடாது என்பதால் புத்தகத்துக்குப் பதில் வருகைப் பதிவேட்டைக் கொடுத்தார்கள். அப்பா பதிவேட்டைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அம்மா அப்பாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். குழந்தை இருவரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும். தினகரன் மாசிக்குப் பிறகு சிரித்ததில்லை. முயன்று பார்த்தான். ஸ்டெபின் இரண்டு நிமிடம் அதைக் கவனித்தான்.

“வேண்டாம் சார். நீங்க சும்மா இருங்க. அப்பாங்க சும்மா இருந்தாலே நேச்சுரலா இருக்கும்.”

சனிக்கிழமை காலையிலிருந்தே பனிமூட்டம். கேட்டிலிருந்து பார்த்தால் நூலகம் தெரியவில்லை. மற்றக் கிளைகளிலிருந்து ஊழியர்கள் பன்னிரண்டு பேரை ஜீப்பில் கொண்டுவந்து நாற்காலிகளில் நிரப்பினார்கள். அவர்களுடைய நூலகங்கள் அன்று பூட்டியிருந்தன. அயூப் பாய் பின்வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். சோபாவின் பிளாஸ்டிக் உறை மேல் மாதிரிக் குடும்பம் உட்கார்ந்து, அசையும்போதெல்லாம் சரசரத்தது.

இணை இயக்குநர் வந்தார். சால்வை போட்டார்கள். அரக்கு சீலை உடைத்தார், பீரோவைத் திறந்தார். கைதட்டினார்கள். கனிஷ்கா எழுந்தாள். இசக்கியம்மா அவள் பாவாடையைப் பிடித்து உட்காரவைத்தாள். “பொறு தாயி. இன்னும் பேசலே அவரு.”

அவர் பேசினார்.

“அன்பர்களே! முப்பத்தோரு ஆண்டுகளாக நான் நூலகப் பணியில் இருக்கிறேன். இந்த முப்பத்தோரு ஆண்டுகளில் ஒரு புத்தகம் படிக்க எனக்கு நேரம் கிடைத்ததில்லை. அந்த அளவுக்கு நூலகங்களுக்காக உழைத்திருக்கிறேன்.”

பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள்.

“நான் பொறுப்பேற்றபோது நம் புத்தகங்கள் எப்படி இருந்தன? கிழிந்து, மடங்கி, எண்ணெய் படிந்து கிடந்தன. காரணம் என்ன என்று ஒரு குழு அமைத்து ஆராய்ந்தேன். ஏழு மாதத்தில் அறிக்கை வந்தது. காரணம், வாசகர்கள். இன்று என் பொறுப்பில் உள்ள நூலகங்களுக்குப் போய்ப் பாருங்கள். அச்சகத்து மணம் மாறாமல் இருக்கிறது! ஆனாலும் இன்று குடும்பங்களை அழைத்திருக்கிறோம் என்றால், அது நம்முடைய பெருந்தன்மை.

“குடும்பத்தின் அருமை எனக்குத் தெரியும். பணி நிமித்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நான் என் குடும்பத்தைப் பார்க்கிறேன். தினம் பார்ப்பவர்களுக்கு அந்த அருமை தெரியாது. உங்கள் மகள் எந்த வகுப்பு என்று நேற்றுக்கூட ஒருவர் கேட்டார். உடனே என் உதவியாளரிடம் கேட்டுச் சொன்னேன். சரியான பதில். இதைத்தான் நிர்வாகம் என்கிறோம்.”

பேச்சு முடிந்து வாசிப்பு. வேலாமணி கரடிப் புத்தகத்தை எடுத்துக்கொடுத்தார். இணை இயக்குநர் கனிஷ்காவின் அருகில் குனிந்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, “மழை பெய்தது” என்று படித்தார். கேமரா மின்னியது. புத்தகத்தை மூடி பீரோவில் வைத்தார்.

“மீதி?” என்றாள் கனிஷ்கா.

“அடுத்து புல்தரைத் திறப்பு,” என்றான் ஸ்டெபின். “மேடம், பீரோவைப் பூட்டிடுங்க. மதிப்பீட்டு அறிக்கை வர்றவரைக்கும் எந்தப் புக்கும் வெளியே போகக்கூடாது.”

“நான் வாக்குக் குடுத்திருக்கறேனுங்க.”

“அது சிஸ்டத்துல இல்லீங்களே மேடம்.”

வேலாமணி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தினகரன் சோபாவிலிருந்து எழுந்தான். என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் கோபப்பட்டு நாளாகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்பது மறந்துபோயிருந்தது. கனிஷ்கா பீரோக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அப்போது வெளியே பனிக்குள்ளிருந்து அந்த இனிமையான குரல் கேட்டது.

“வணக்கம். குடும்பமே, வருக!”

எல்லோரும் திரும்பினார்கள்.

“சார்!” ஸ்டெபினுக்குக் குரல் தழுதழுத்தது. “நாம கூப்பிடாமலே ஒரு குடும்பம் வந்திருக்கு, சார்!”

இணை இயக்குநர் பன்னீர்ச் செம்பைத் தானே எடுத்துக்கொண்டு படியிறங்கினார். புல்தரை முழுவதும் பனி. தரையோரமாக மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. அங்கே கால்கள் தெரிந்தன. முழங்கால்வரை வெள்ளை சாக்ஸ் போட்ட கால்கள்.

“ஆகா, பள்ளிச் சீருடையிலேயே வந்திருக்கிறார்கள்! வாருங்கள், வாருங்கள். கூச்சப்படக் கூடாது. இது உங்கள் இடம்.”

பன்னீரைத் தெளித்தார். பனிக்குள் யாரோ பலமாகத் தும்மினார்கள்.

“சளி பிடித்திருக்கிறதா, செல்லம்?” என்று கேட்டு இன்னொரு அடி எடுத்து வைத்தார். பனி விலகியது. அவர் தலைக்கு மேலே ஒரு தலை இருந்தது. அதில் இரண்டு கொம்புகள், ஒவ்வொன்றும் அவர் கை அளவுக்கு. காட்டுமாடு; வெள்ளை சாக்ஸ் அதற்குப் பிறவியிலேயே வந்தது. பக்கத்தில் பசு. இரண்டுக்கும் நடுவில் கன்று. படிவம் நான்கின்படி குறையில்லாத குடும்பம்.

பன்னிரண்டு ஊழியர்களும் அறைக்குள் இருந்தபடியே இன்னும் உள்ளே போக முயன்றார்கள். இணை இயக்குநர் மட்டும் செம்போடு நின்றார். இசக்கியம்மா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கி, அவருடைய சால்வை நுனியைப் பிடித்தாள்.

“ஓடாதீங்கய்யா. மொகத்தைத் திருப்பாதீங்க. அப்படியே பின்னால காலை வைங்க. கன்னுகுட்டியைச் செல்லங்கொஞ்சாதீங்க, அதுக்கு அப்பன் இருக்கான்.”

படி ஏறியதும் கதவைச் சாத்தினாள். அவளுக்கு வரவேற்பாளரான இரண்டு மாதத்தில் மனப்பாடமானது ஒன்று மிச்சம் இருந்தது. கதவிடுக்கு வழியாகப் பார்த்து, “வாருங்கள், வாசிப்போம்,” என்றாள். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, “இப்பப் போகாது. புல்லு தீரணும்.”

“எவ்வளவு நேரமாகும்?” என்று இணை இயக்குநர் கேட்டார்.

அயூப் புல்தரையை மனத்தில் அளந்தார். “லாரி எத்தனை லோடு, தம்பி?”

“ரெண்டு,” என்றான் ஸ்டெபின்.

“அப்ப உக்காருங்க. சாயங்காலமாகும். பெரிய லைட்டை எல்லாம் அணைச்சுடுங்க. சத்தம் மட்டும் கூடாது. சத்தம் கேட்டா அது மிரளும். மிரண்டா கதவெல்லாம் அதுக்குக் கதவே இல்லை.”

விழாவுக்காகப் போட்டிருந்த விளக்குகளை அணைத்தார்கள். பீரோவுக்குள் எரிந்த குண்டு பல்பு மட்டும் மிஞ்சியது. எல்லோரும் அந்த வெளிச்சத்தை நோக்கி நகர்ந்து, பிளாஸ்டிக் உறையைப் பிய்த்துப் போட்டுவிட்டு மெத்தையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அந்த நூலகத்தின் வரலாற்றில் ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்கு முதல்முறையாக மரியாதை கிடைத்தது.

கனிஷ்கா பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. தினகரனின் மடியில் வைத்தாள்.

“மெதுவாப் படிங்கப்பா. மாட்டுக்குக் கேக்காம.”

டிக்கெட் இருந்த பக்கத்தில் தினகரன் பிரித்தான். டிக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். தாழ்ந்த குரலில் படிக்கத் தொடங்கினான்.

கரடி கடை வாசலில் காத்திருந்தது. இருட்டும் வேளையில் கடைக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்தார். பக்கம் புரட்ட அவன் நிறுத்தினான்.

“திறந்தாரா?” என்று யாரோ கிசுகிசுத்தார்கள். இணை இயக்குநர்.

“பேசாம இருங்க,” என்றாள் கனிஷ்கா.

கடைக்காரர் கடையைத் திறந்தார். இருக்கிற குடைகளையெல்லாம் விரித்துக் காட்டினார். கரடியின் உடம்புக்கு ஒன்றும் போதவில்லை. ஒன்றில் தலை மட்டும் மறைந்தது. ஒன்றில் வயிறு வெளியே நின்றது. கடைசியில் கரடி இருப்பதிலேயே சின்னக் குடையை வாங்கிக்கொண்டது. வீட்டில் இருந்த தேன் பானைக்கு மேல் கூரை ஓட்டையிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே குடையை விரித்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தது. கரடி நனைந்தது. தேன் நனையவில்லை.

“அவ்வளவுதானா?” என்றாள் கனிஷ்கா.

“அவ்வளவுதான்.”

அவள் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தாள். வேறொன்றும் இல்லை. வெளியே குடும்பம் புல் பிடுங்கும் சத்தம் கேட்டது.

“நீங்க சொன்னதே நல்லா இருந்துச்சுப்பா.”

“எது?”

“கடைக்காரனைத் தின்னுச்சே. அது.”

தினகரனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் முதலில் அவனே நினைத்தான். வாயைக் கையால் பொத்தியும் நிற்கவில்லை. தோள் குலுங்கியது. இசக்கியம்மா பயந்துபோய் அவன் முதுகைத் தடவினாள். பிறகுதான் அது சிரிப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. ஸ்டெபின் அதைப் பார்த்தான். இருபத்தெட்டாவது குறியீடு நிறைவேறிக்கொண்டிருந்தது. கேமராவை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை.

“இன்னொண்ணு படிங்க,” என்றார் இணை இயக்குநர். “இன்னும் நேரமிருக்கிறதே.”

ஐந்து புத்தகங்கள் படித்தான். மூன்றாவதில் இணை இயக்குநர் தூங்கிப்போனார்.

காட்டுமாடுகள் போன பிறகு புல்தரையும் போயிருந்தது. அவை மேய்ந்துகொண்டே கேட்டுக்கு உள்ளும் வெளியுமாகப் பதினான்கு முறை போய் வந்திருந்தன. பதினான்கு முறையும் மெஷின் வரவேற்று, எண்ணி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தது. ஒரே நாளில் பதினான்கு குடும்பங்கள், சராசரித் தங்கல் அரை மணி நேரம். கொம்பைமட்டம் மாவட்டத்தின் முதல் பரிசைப் பெற்றது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதன் கீழே, சோபாவில் தினகரனும் இசக்கியம்மாவும் கனிஷ்காவும் அமர்ந்திருக்கும் பெரிய படம். ‘குடும்பம் என்றால் இதுதான்!’ என்று எழுதியிருந்தது.

அதே வாரம், தலைவி கட்டத்தைக் காலியாக விட்டுத் தினகரன் அனுப்பியிருந்த விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. குடும்பம் இல்லாத காரணத்தால் நிராகரிக்கப்படுகிறது.

வேலாமணி அந்தத் தாளை நாலாக மடித்துப் பின்னல் ஊசிக் கூடைக்குள் போட்டார். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“சரிதா கார்டு நல்லாத்தான் இருக்குதுங்க. கார்டுக்காரங்க நேர்ல வரோணும்னு ஒண்ணு கேக்கும். வந்தாங்கன்னு போட்டுட்டேன். இப்ப போனுக்கு மெசேஜ் வரும். வருமுங்களா?”

“வரும்,” என்றான் தினகரன். போன் அவன் பையில்தான் இருந்தது.

கனிஷ்கா கரடியை வேண்டாம் என்றுவிட்டாள். அது முடிந்துபோயிற்று. தவளை ஒன்று அட்டையில் இருந்த புத்தகத்தை எடுத்தாள். அப்பாவின் சட்டைப் பைக்குள் கையை விட்டு, பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் முதல் பக்கத்தில் வைத்தாள். போன் சிணுங்கியது. ‘அன்புள்ள சரிதா, தாங்கள் கேட்ட நூல் வழங்கப்பட்டது. குடும்பத்தோடு வாசித்து மகிழுங்கள்.’

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தினகரன் அந்தப் போனுக்கு சார்ஜ் போட்டான். சனிக்கிழமை அது ஒருமுறை சிணுங்கும்.

கார்த்திகை மாதம் ஒரு கடிதம் வந்தது. ஆறு மாதத்தில் இருபத்திரண்டு நூல்கள் வாசித்து, திருமதி சரிதா சிறந்த வாசகியாகத் தேர்வாகியிருக்கிறார். சான்றிதழைக் குடும்பத்துடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.

அன்று நல்ல மழை. சரிதாவின் குடையில் இரண்டு கம்பி ஒடிந்திருந்ததை அயூப் மாற்றிக் கொடுத்திருந்தார். கனிஷ்கா பையை மழைக்குள் நீட்டியபடி நடப்பவள். பைக்குள் புத்தகம் இருந்தது. தினகரன் தன் கையை நன்றாக நீட்டி, குடையை அவளுக்கு அந்தப் பக்கமாகச் சாய்த்தபடி நடந்தான். அவன் தலையில் மழை கொட்டியது. அப்படியே கேட்டுக்குள் நுழைந்தார்கள். ஒருபுறம் அவன், மறுபுறம் ஆளுயரத்தில் குடை, நடுவில் கனிஷ்கா.

“வணக்கம்,” என்றது மெஷின். கொஞ்சம் யோசித்தது. “குடும்பமே, வருக!”

இருவரும் நின்றார்கள். கனிஷ்கா குடையை அண்ணாந்து பார்த்தாள். தினகரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குடையை அதே உயரத்தில் அதே இடத்தில் வைத்தபடி, பின்னால் நடந்து வெளியே போனான். மறுபடி உள்ளே வந்தான்.

மெஷின் மறுபடியும் அதையே சொன்னது.